பொருள்: ‘புலப்படி’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உளவியலில் ‘ஜஸ்ட் நோட்டிசபிள் டிஃபரன்ஸ்’ என்பது, இரண்டு அளவுகளுக்கு இடையே நம் புலனுக்குத் தெரியவரும் மிகச் சிறிய வேறுபாடு. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற நம் கேள்விக்கு நேற்றுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ‘குறைந்தபட்ச உணரத்தக்க வேறுபாடு’, ‘வேறுபாட்டு வாயில்’, ‘நூலளவு’. மூன்றையும் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை.

லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் வெபர், இரண்டு எடைகளைத் தூக்கிப் பார்க்கிறவருக்கு அவற்றின் வேறுபாடு எப்போது தெரிகிறது என்று ஆராய்ந்து 1834-இல் எழுதினார். இத்தனை கிராம் கூடினால் தெரியும் என்று ஒரே அளவு கிடையாது; ஏற்கெனவே கையில் இருக்கும் எடையில் இத்தனை பங்கு கூட வேண்டும். தூக்கிப் பார்க்கும் எடைக்கு அவர் கண்ட பங்கு சுமார் நாற்பதில் ஒன்று. நம் பழைய கணக்கில் அதற்கு அரைமா என்று பெயர். மா என்றால் இருபதில் ஒன்று. இங்கே நிலத்தை இன்னமும் மாக்கணக்கில்தான் பேசுகிறார்கள். இருபது மா ஒரு வேலி.

போன தை அறுவடையின்போது வலங்கைமான் பக்கத்தில் எங்கள் களத்தில் இதைச் செய்து பார்த்தேன். முப்பது வருஷமாக மூட்டை தூக்குகிற ஒருவர், 40 கிலோ சிப்பம். அவர் பார்க்காதபோது இரண்டு கைப்பிடி நெல்லை எடுத்துவிட்டுத் தூக்கச் சொன்னேன். பேசாமல் தூக்கிக்கொண்டு போனார். அப்புறம் ஒரு படி நெல்லை, ஏறக்குறைய ஒரு கிலோ, எடுத்தேன். தோளுக்கு ஏற்றியவர் அப்படியே நின்று, ஒருமுறை குலுக்கிப் பார்த்து, “இதுல கொறையுதே தம்பி” என்றார். நான்கு கிலோ இருந்த மஞ்சள் பையிலோ, அதே இரண்டு கைப்பிடியை எடுத்ததுமே கண்டுபிடித்துவிட்டார். ஒரே ஆளிடம் ஒரே நாளில் பார்த்தது ஆராய்ச்சி ஆகாது. ஆனால் சொல்லைத் தேடுகிற எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது.

‘நூலளவு’ இங்கேதான் அடிபடுகிறது. தச்சருக்கு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று; சின்னப் பலகையானாலும் பெரிய உத்தரமானாலும் அது மாறாது. நமக்கு வேண்டியது, பொருள் பெருகப் பெருகத் தானும் பெருகுகிற அளவு.

‘வாயில்’ என்றால் இந்தப் பக்கம் தெரியாது, அந்தப் பக்கம் தெரியும் என்று ஒரு கோடு வந்துவிடுகிறது. சோதனையில் அப்படி ஒரு கோடு கிடைப்பதில்லை. ஒரே வேறுபாடு ஒரு தடவை தெரியும், இன்னொரு தடவை தெரியாது. இரண்டில் எது கனம் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, நூற்றுக்கு 75 தடவை சரியாகச் சொல்லும் இடத்தையே பெரும்பாலும் குறித்துக்கொள்கிறார்கள்.

முதல் சொல்லில் பொருள் பிழை ஒன்றும் இல்லை. அதை எண்ண முடியாது, அதுதான் தொல்லை. ‘மூன்று குறைந்தபட்ச உணரத்தக்க வேறுபாடுகள்’ என்று ஒரு மாணவர் விடைத்தாளில் எத்தனை முறை எழுதுவார்? எண்ணுவது இங்கே முக்கியம். வெபருக்குப் பின் வந்த ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர் 1860-இல் வெளியிட்ட நூலில் இதையே உணர்வின் அலகாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் தன் மடக்கை (லாகரிதம்) விதிக்கு வந்தார்: தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகினால் உணர்வு ஒவ்வொரு படியாகவே கூடும்.

அடுக்குவது என்றதும் எனக்குப் படித்துறை நினைவுக்கு வந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர்ந்தால் யாரும் அடிக்கணக்கு சொல்வதில்லை. “ரெண்டு படி ஏறியிருக்கு” என்பார்கள். ஆகவே என் முன்மொழிவு: புலப்படி. புலன் என்ற பொருளில் வரும் புலம், படி இரண்டும் சேர்ந்தது. மரம், பலகை சேர்ந்து மரப்பலகை ஆவது போன்ற புணர்ச்சிதான். ‘புலப்படு’ என்ற வினை காதில் ஒலிப்பதால் விளக்காமலே பாதிப் பொருள் வந்துவிடும். தஞ்சாவூர் வீணைக்கு மெழுகில் 24 மெட்டுகளைப் பதிக்கிறவரைப் பற்றி, “ஏழாவது மெட்டு ஒரு புலப்படி இறங்கியிருப்பதைக் காதாலேயே கண்டுபிடித்தார்” என்று தயங்காமல் எழுதலாம்.

‘தெரிபடி’ என்றும் யோசித்தேன். வேகமாகப் படிக்கும்போது ‘தெரியும்படி’ என்று கண் வழுக்குகிறது, விட்டுவிட்டேன்.

வரக்கூடிய மறுப்புகள் இரண்டு. புலம் என்றால் நிலமும்தான். புல எண், புலப்படம் என்று வருவாய்த் துறையில் நாள்தோறும் புழங்குகிறது. உளவியல் பாடத்தில் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். அடுத்தது, படி என்றால் எல்லாம் ஒரே உயரம் என்று ஆகிவிடாதா? ஃபெக்னர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1957-இல் அதை மறுத்தார். பழைய படித்துறைகளில் ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம் என்று இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சொல் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கும்.

நாற்பதில் ஒன்று என்பது போல வெபர் கண்ட பங்குக்கு ‘வெபர் வீதம்’ போதும். ஒன்றுமே இல்லாத நிலையிலிருந்து முதன்முதலாக ஓர் ஒலியோ ஒளியோ தெரியவரும் அளவுக்கு ‘முதற்படி’ என்று வைக்கலாமா? இதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வேறு சொல் வைத்திருப்பவர்கள், அந்தச் சொல் ‘மூன்று’ போன்ற ஓர் எண்ணோடு சேர்ந்து வரும் வாக்கியம் ஒன்றையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து