1,48,000 மைல் ஓடிய சி5 கார்வெட்: கேம்ஷாஃப்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

ஃப்ரீமான்ட்_சேகர்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2001 கார்வெட் சி5, எல்எஸ்1 எஞ்சின், ஆறு கியர் மேனுவல். 1,48,000 மைல் ஓடியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கிறேன். கொஞ்ச நாளாக எஞ்சினின் வலது பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடான பிறகும் அடங்கவில்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தமும் கூடவே வேகமெடுக்கிறது. ஐடிலில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுகையில்) ஆறாவது சிலிண்டர் விட்டுவிட்டு எரியாமல் மிஸ் ஆகிறது, கம்ப்யூட்டர் காட்டும் பிழைக் கோடு பி0306. பிளக், ஒயர், காயில் மூன்றையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன், மிஸ் ஆறாவதை விட்டு நகரவில்லை.

ராக்கர் கவரைக் கழற்றி டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் ஆறாவதின் எக்ஸாஸ்ட் வால்வ் மற்றவற்றைவிடக் குறைவாகத் திறக்கிறது. ஆயில் ஃபில்டரை வெட்டினால் மடிப்புகளுக்குள் மினுமினுவென்று தூள், காந்தத்தில் ஒட்டுகிறது.

ஒரு கடையில், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல்மூடி) திறக்கவே வேண்டாம், ரேடியேட்டரை எடுத்துவிட்டு கேமை (வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு) முன்பக்கமாக உருவிப் புதுசு போட்டுவிடலாம் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள். எப்படியும் திறக்கப் போகிறோம், கொஞ்சம் பெரிய கேமாகப் போட்டு ஐடிலில் அந்தத் துள்ளல் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. வண்டியை விற்க மனமில்லை. என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

புஷ்ராட்_பாண்டி:
சேகர், கடைக்காரர் சொல்வது நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினுக்குச் சரி. எல்எஸ்1-இல் கேம், எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்குக்குள் இருப்பதால், ஹெட் அப்படியே இருக்க கேமை மட்டும் மாற்ற முடியும். சும்மா பவருக்காக மாற்றுகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வால்வை அழுத்தும் ராக்கரையும் அதைத் தள்ளும் புஷ்ராட் கம்பியையும் எடுத்துவிட்டு கேமை இரண்டு சுற்றுச் சுற்றினால், கேமின்மேல் ரோலரால் உருளும் லிஃப்டர்கள் மேலே ஏறி பிளாஸ்டிக் டிரேயில் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கேமை உருவலாம்.

உங்கள் கதை வேறு. காந்தத்தில் ஒட்டும் தூள், வால்வ் திறப்பும் குறைவு. அந்த லிஃப்டரின் ரோலர் தேய்ந்தோ உடைந்தோ கேமின் லோபை, அதாவது வால்வைத் திறக்கும் மேட்டைத் தின்றுகொண்டிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். கெட்ட லிஃப்டரை உள்ளே விட்டுவிட்டு அதன்மேல் புதுக் கேம் போட்டால் அதையும் அது தின்னும். ஹெட் இருக்கும்போது லிஃப்டரை வெளியே எடுக்க வழியே கிடையாது, புஷ்ராட் ஓட்டை வழியாக அது வராது. அதனால் ஹெட் இரண்டும் இறங்க வேண்டும், பதினாறு லிஃப்டரும் நாலு டிரேயும் மாற வேண்டும். டிரேயை மட்டும் பழசு போதும் என்று விட்டுவிடாதீர்கள். இவ்வளவு ஓடிய பிளாஸ்டிக் வெந்து தளர்ந்திருக்கும். லிஃப்டர் திரும்பாமல் நேராக நிற்பதே அந்த டிரேயின் பிடியில்தான். பிடி விட்டால் ரோலர் பக்கவாட்டில் திரும்பிவிடும், அப்புறம் லோப் நிற்காது.

செலவு செய்வதற்கு முன் ஒன்று பாருங்கள். ஃபில்டரில் காந்தத்தில் ஒட்டாத தூள், செம்பு நிறத்திலோ வெள்ளை வெள்ளையாகவோ இருக்கிறதா? இருந்தால் பேரிங்கும் அடிவாங்கியிருக்கிறது. கேம் பேரிங் பிளாக்கில் அழுத்திப் பொருத்தியது, வண்டியில் வைத்தே மாற்ற முடியாது, எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷரையும் பாருங்கள். 1000 ஆர்பிஎம்மில் 6 பிஎஸ்ஐ, 2000-இல் 18, 4000-இல் 24, இதுதான் கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச அளவு. அதை ஒட்டியே நின்றால் கேமைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு எஞ்சினை இறக்குவதைப் பற்றிப் பேசலாம். பிரஷர் தெம்பாக இருந்தால் மேலே சொன்ன வேலையோடு முடித்துக்கொள்ளலாம்.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள், கடைக்குக்கூட டோ டிரக்கில் அனுப்புங்கள்.

பே_ஏரியா_அன்பு:
பாண்டி அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சேர்ப்பது பெரிய கேம் ஆசையைப் பற்றி மட்டும். சேகர், நீங்கள் இருப்பது கலிஃபோர்னியா, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் என்ற புகைச் சோதனை இருக்கிறது. 2000 மாடல் முதல் வந்த பெட்ரோல் கார்களுக்கு ஓபிடி போர்ட் (காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சோதனைச் சொருகி) வழியாகத்தான் சோதனை. 2021 ஜூலையிலிருந்து கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் கம்பெனி போட்டதுதானா என்றும் பார்க்கிறார்கள். துள்ளல் ஐடில் வரும் அளவுக்குப் பெரிய கேம் போட்டால் டியூன் செய்யாமல், அதாவது கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றாமல், வண்டி ஐடிலில் ஒழுங்காக ஓடாது; கலிஃபோர்னியா ஏர் போர்டின் (காற்று மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி எண் இல்லாத டியூன் போட்டால் ஸ்மாக்கில் தோற்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். டெக்சஸ் நண்பர்கள் போடும் வீடியோவைப் பார்த்து ஆசைப்படுவது புரிகிறது, ஆனால் அவர்கள் ஊர் விதி வேறு.

தினமும் ஓட்டுகிற கார் என்றால் கம்பெனி அளவு ஸ்டாக் கேமே போடுங்கள். 350 குதிரைத்திறன் வண்டி அது, புது லிஃப்டர், புது ஸ்பிரிங் போட்டு ஆறாவது சிலிண்டர் திரும்ப வேலை செய்தாலே வேறு வண்டி மாதிரி இருக்கும்.

ஃப்ரீமான்ட்_சேகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஃபில்டரைத் திரும்ப நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன், காந்தத்தில் ஒட்டாத தூள் எதுவும் இல்லை. சூடான பிறகு ஐடிலிலேயே பிரஷர் 30 பிஎஸ்ஐ பக்கம் காட்டுகிறது. சரி, ஸ்டாக் கேம்தான், ஹெட்டை இறக்குகிறோம். நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து கராஜிலேயே செய்யலாம் என்று இருக்கிறோம். எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

புஷ்ராட்_பாண்டி:
30 இருந்தால் நல்ல செய்தி, தைரியமாக இறங்குங்கள்.

முதல் இடம் கிராங்க் புல்லி (எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் தண்டின் நுனியில் இருப்பது). சி5-இல் ஸ்டீயரிங் ரேக் குறுக்கே நிற்கும், அதைக் கழற்றி நகர்த்தினால்தான் புல்லி வெளியே வரும். புல்லி தண்டில் வழுக்காமல் பூட்டும் சாவி (கீ) கிடையாது, இறுக்கம் ஒன்றுதான் பிடித்து வைத்திருக்கிறது. திரும்பப் போடும்போது பழைய போல்ட்டால் 240 பவுண்ட்-அடி வரை இறுக்கி புல்லியை முழுக்க உட்காரவையுங்கள், பிறகு அதைக் கழற்றிவிட்டுப் புது போல்ட்டை 37 பவுண்ட்-அடி இறுக்கி, அதற்கு மேல் 140 டிகிரி சுற்றுங்கள். பழைய போல்ட்டையே கடைசியாக விட்டுவைக்கக் கூடாது, அது ஒருமுறை நீண்டு இறுகும் வகை.

டைமிங் செயினும் ஆயில் பம்ப்பும் கையெட்டும் தூரத்தில் இருக்கும், இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஆயிலை உறிஞ்சிப் பம்ப்பில் சேர்க்கும் பிக்கப் குழாயின் ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பற்றித்தான் நான் பலமுறை சொல்வேன்: அது கிள்ளப்பட்டால் பம்ப் காற்றை உறிஞ்சும், பிரஷர் வராது, புதுக் கேம் முதல் நாளே போய்விடும். குழாயை நேராகத் தள்ளிப் பொருந்திய பிறகுதான் போல்ட். அந்தச் சின்ன போல்ட் கை தவறி ஆயில் பேனில் விழக்கூடியது, கீழே துணி அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். டைமிங் குறி: கிராங்கின் புள்ளி 12 மணியில், கேமின் புள்ளி 6 மணியில், ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

தோர்க்_ரெஞ்ச்_மாலா:
ஹெட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பிளாக் உடைவது அங்கேதான். ஹெட்டைத் தூக்கும்போது கூலண்ட் போல்ட் ஓட்டைகளில் இறங்கிவிடும். அந்த ஓட்டைகளுக்கு அடியில் வழி கிடையாது. தண்ணீர் இருக்கும்போதே போல்ட்டை இறுக்கினால் அது அமுங்காது, அலுமினிய பிளாக்தான் வெடிக்கும். ஒவ்வோர் ஓட்டையையும் காற்றடித்து, துணி சுற்றித் துடைத்து, திரும்பவும் காற்றடியுங்கள். ஹெட் போல்ட் எல்லாமே புதுசு. உங்கள் 2001-இல் இரண்டு நீளத்தில் வரும், எது எங்கே என்று முதலிலேயே குறித்து வையுங்கள்.

ஹெட் மேசைமேல் இருக்கும்போதே வால்வ் ஸ்பிரிங்கையும் சீலையும் மாற்றிவிடுங்கள், பிறகு செய்வதைவிட நூறு மடங்கு சுலபம். ராக்கர்களைக் கையில் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். நடுவில் இருக்கும் ஊசி பேரிங்குகள் ஆட்டம் கண்டிருந்தால் ட்ரனியன் கிட் (ராக்கரின் நடு அச்சுக்கான மாற்றுப் பாகங்கள்) போடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஊசிகள் ஒருநாள் எஞ்சினுக்குள் விழும். திரும்பப் போடும்போது ராக்கர் போல்ட் 22 பவுண்ட்-அடி.

புதுக் கேம் போட்டதும் 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிஷம் ஓட்ட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது பழைய தட்டை லிஃப்டர் எஞ்சின்களுக்கானது, ரோலருக்குத் தேவையில்லை. லோபிலும் ரோலரிலும் அசெம்பிளி லூப் (பொருத்தும்போது தடவும் மசகு) தடவி, ஃப்யூவல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு பிரஷர் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றி, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள். பழைய தூள் கொஞ்சம் வரும். இரண்டாவது ஃபில்டரில் வரக் கூடாது.