'அதென்டிக் அசெஸ்மென்ட்': மெய்ப்பணி மதிப்பீடு எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நிஜ வாழ்வில் செய்யும் வேலையைப் போன்ற பணியைக் கொடுத்து மாணவரின் கற்றலை மதிப்பிடும் முறையே 'அதென்டிக் அசெஸ்மென்ட்' (authentic assessment). அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை முன்வைக்கப்பட்ட 'உண்மை மதிப்பீடு', 'நம்பகமான மதிப்பீடு' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. முதற்சொல், எழுத்துத் தேர்வைப் பொய் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இரண்டாவது தரும் குழப்பம் இன்னும் பெரிது. ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினாலும் மதிப்பெண் பெரிதும் மாறாதிருக்கும் பண்பைத்தான் கல்வியியலில் 'நம்பகத்தன்மை' என்கிறோம். இம்முறையில் மிகவும் பாடுபட்டு எட்ட வேண்டியதே அந்தப் பண்புதான்.

1980-களின் இறுதியில் அமெரிக்கக் கல்வியாளர் கிராண்ட் விக்கின்ஸ் இந்த ஆங்கிலச் சொல்லைப் பரவலாக்கியபோது, மாணவருக்குக் கொடுக்கும் பணியின் தன்மையையே முதன்மைப்படுத்தினார். அப்பணி, துறை சார்ந்தோர் உண்மையில் செய்யும் வேலையை ஒத்திருக்க வேண்டும். எது நல்ல வேலை என்பதற்கான அளவுகோல்கள் மாணவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிடச் சொல்வது வழக்கமான வினா. பள்ளியில் ஒரு நாளில் செலவாகும் தண்ணீரை அளந்து, எங்கே வீணாகிறது என்று கண்டறிந்து, நிர்வாகம் படித்து முடிவெடுக்கத்தக்க அறிக்கையை எழுதச் சொல்வது நாம் பெயர் தேடும் முறை. இதில் எந்தச் சூத்திரம் தேவை என்பதை மாணவரே தேர்ந்துகொள்ள வேண்டும். கற்றது மனத்தில் நின்றிருக்கிறதா என்பது அவர் எதைத் தேர்ந்துகொள்கிறார் என்பதிலேயே வெளிப்பட்டுவிடும்.

'செயல்திறன் மதிப்பீடு' போதுமே என்று கேட்கலாம். போதாது. வகுத்துக் கொடுத்த படிகளின்படி ஆய்வகத்தில் ஒரு சோதனையைச் செய்து காட்டுவதும் செயல்திறன்தான். ஆனால் அங்கே தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் எதுவும் இல்லை. 'வாழ்சூழல் மதிப்பீடு' எனக்குப் பிடித்திருந்தது என்றாலும், சுற்றுச்சூழல் ஆய்வோ என்று மயங்க இடமுண்டு.

ஆகவே 'மெய்ப்பணி மதிப்பீடு' என்பதை முன்மொழிகிறேன். 'வளரறி மதிப்பீடு' (கற்றல் நடக்கும்போதே செய்வது), 'தொகுத்தறி மதிப்பீடு' (கற்றலின் முடிவில் செய்வது) என ஏற்கெனவே வழக்கில் உள்ள சொற்களோடு இது இயல்பாகச் சேர்ந்து நிற்கும். மாணவருக்குத் தரும் பணியைத் தனியே குறிக்க 'மெய்ப்பணி' என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடும். 'மெய்' உடலையும் குறிக்குமே என்ற தடையை எதிர்பார்க்கிறேன். 'மெய்ப்பொருள்', 'மெய்நிகர்' ஆகியவற்றில் எவரும் அப்படி மயங்குவதில்லை.

மாணவரின் பணியை மதிப்பிட ஆசிரியர் பயன்படுத்தும் அட்டவணையான 'ரூப்ரிக்' (rubric) என்பதற்கு மட்டும் எனக்கு நிறைவான சொல் அமையவில்லை. 'அளவுகோல்' தனித்தனிக் கூறுகளுக்குப் பொருந்துகிறது. கூறுகளையும் ஒவ்வொன்றின் தரநிலைகளையும் விளக்கும் முழு அட்டவணைக்குத் 'தரநிலை அட்டவணை' பொருந்துமா என்று வகுப்பில் அதைப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டுகிறேன்.