டோலோ நடனத்துக்கு மகள் ஒரு பையனைக் கூப்பிடப் போகிறாள்: என்ன சொல்லட்டும்?

டிகிரிகாபி (சியாட்டில் பக்கம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு செஸ் பெட்டியில் ஒரு வெள்ளைக் குதிரை காணாமல் போனது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் அப்பாவும் என் சின்னவனும் தினமும் சாயங்காலம் ஆடுவார்கள். வீடு முழுக்கத் தேடிவிட்டு, அப்பா அடுக்களையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துவந்து குதிரை இடத்தில் வைத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

புதன்கிழமை துணி மடித்து வைக்கப் பெரியவள் அறைக்குப் போனால், கட்டிலுக்கு அடியில் ஒரு மஞ்சள் சார்ட். நடுவில் அந்தக் குதிரை, பசை போட்டு ஒட்டியிருக்கிறது. சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், ஸ்கேல் வைத்துப் போட்டவை. கீழே, "டோலோவுக்கு வருகிறாயா? இப்போது உன் ஆட்டம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள்.

அவளுக்கு 16 வயது. கேட்டதும் மறைக்காமல் சொன்னாள். டோலோ என்பது அவள் பள்ளியில் நடக்கிற நடனம், இதற்குப் பெண்கள்தான் பையன்களைக் கூப்பிட வேண்டுமாம். டிக்கெட், ராத்திரி சாப்பாடு, அவன் கோட்டில் குத்துகிற பூ எல்லாம் பெண்ணின் செலவாம். அந்தப் பையன் அவளோடு செஸ் குழுவில் இருப்பவன். இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருக்கிறான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான், போட்ட அடையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நடனத்துக்குப் போவதும் எனக்குப் பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு. மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கேன்டீனில், எல்லார் முன்னாலும் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போகிறாளாம். அவன் முடியாது என்று சொல்லிவிட்டால்? எனக்குக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று பேருக்கும் காபித் தட்டை நீட்டினேன். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது தடவை அந்தத் தம்ளர்களைக் கழுவியபோது என் கை எப்படி இருந்தது என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. என் பெண் அந்த இடத்தில் நிற்கக்கூடாது என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இதில் வலையில் தேடினால் இந்த நடனத்துக்குச் சேடி ஹாக்கின்ஸ் என்று ஒரு பெயர் வருகிறது. அவள் யாருமே கட்டிக்கொள்ளாத ஒரு பெண்ணாம். அதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. இங்கே பிள்ளைகளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாம் என்று தடுக்கட்டுமா?

இல்லினாய்_அப்பா:

தடுக்காதீர்கள். சிகாகோ பக்கம் இதை டர்னபவுட் என்பார்கள், சில பள்ளிகளில் வைஸ் வெர்சா. என் பையனை ஒரு பெண் கூப்பிட்டாள். கூப்பிட மாட்டாளா என்று அவன் இரண்டு வாரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். வருஷம் முழுக்கப் பெண்பிள்ளைகள் இப்படித்தானே காத்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது, எனக்கும்தான். உங்கள் மகள் கூப்பிடுகிறவன் வேறு பள்ளிப் பையனாக இருந்தால் விருந்தினர் படிவம் கேட்பார்கள், முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எங்கள் பள்ளியில் நடுவில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள். அந்த வகையில் கவலை வேண்டாம்.

மழைக்குடை:

அக்கா, நான் ஒன்பது வயதில் இங்கே வந்தவள், இப்போது 31. உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பெயர். ஆல் கேப் என்பவர் செய்தித்தாள்களில் வரைந்துவந்த லில் ஆப்னர் படக்கதையில் 1937 நவம்பரில் வந்தவள் சேடி ஹாக்கின்ஸ். டாக்பேட்ச் என்ற மலைக்கிராமம். 35 வயதாகியும் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் அவள் அப்பா ஊரிலிருந்த கல்யாணமாகாத ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்துகிறார். முதல் வேட்டுக்கு அவர்கள் ஓட வேண்டும். இரண்டாவது வேட்டுக்கு மகள் துரத்த வேண்டும். பிடிபட்டவன் மாப்பிள்ளை. அவளை அழகில்லாதவள் என்றுதான் கேப் காட்டியிருப்பார். உங்களுக்கு வயிறு கலங்கியது நியாயம்தான், எனக்கும் அந்தக் கதை பிடிக்காது. ஆனால் அதைப் படித்த மாணவிகள் பெண்ணே போய்க் கேட்கலாம் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டே வருஷத்தில், 1939-ல், 201 கல்லூரிகளில் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள் என்று லைஃப் பத்திரிகை எழுதியது.

டோலோ என்ற பெயருக்கு அந்தக் கதையோடு சம்பந்தமே இல்லை. இந்தக் கரையோரத்தில் பூர்வகுடிகளும் வியாபாரிகளும் பேசிக்கொண்ட சினூக் வணிகமொழிச் சொல் அது. வெல்வது, சம்பாதிப்பது என்று பொருள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவிகளின் சங்கம் ஒன்றுக்கு அந்தப் பெயர் இருந்தது, அங்கிருந்துதான் நடனத்துக்கு வந்தது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் என் கதை. பதினோராம் வகுப்பில் ட்ராம்போன் வாசிக்கிற ஒரு பையனைக் கேட்டேன். பேண்ட் அறை வாசலில், கையில் ஆறு கப்கேக் உள்ள பெட்டியோடு. "வேறொருத்தி நேற்றே கேட்டுவிட்டாள்" என்றான். காதெல்லாம் சூடாகிவிட்டது. பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நடனத்துக்குப் போக அனுமதியே வாங்கியிருக்கவில்லை. கராஜில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். உள்ளே அம்மா தாளிக்கிற வாசனை வந்தது. அவன் சொன்னது ஒரு வாரத்தில் மறந்துபோனது. கராஜிலேயே உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை. உங்கள் மகள் கேட்டவுடன் சொன்னாளே, அவளுக்குக் கராஜ் தேவைப்படாது.

ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிப் பாருங்கள்: கேன்டீன் வேண்டாம். உங்கள் பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. நூறு பேர் பார்க்கும்போது வரமுடியாது என்று நினைப்பவன்கூடச் சரி என்று சொல்லிவிடுவான். அந்தச் சரியால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அவன் நண்பனிடம் முன்னாலேயே லேசாக விசாரிக்கச் சொல்லுங்கள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். நான் செய்யாமல் விட்டேன்.

பாடம்நடத்துபவள்:

நான் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியை. எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒப்புதல் இல்லை. ஒருநாள் மட்டும் பெண் கேட்கலாம் என்றால் மற்ற நாளெல்லாம் கேட்கக்கூடாது என்றுதானே ஆகிறது? பெண்ணோடு போக விரும்பும் பெண்ணுக்கு இதில் இடம் எங்கே? எங்கள் மாணவர்களே பேசி முடிவெடுத்து, யாரும் யாரையும் கேட்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். மோர்ப் என்று வைத்திருக்கிறோம், பள்ளியின் பெரிய நடனமான ப்ராம் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வருவது. கோட்டும் கவுனும் இல்லாமல் சாதாரண உடையில் வருவார்கள். ஆனால் உங்கள் மகள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாளே, அந்த அட்டையைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிடாதீர்கள்.

டிகிரிகாபி:

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. மழைக்குடை, நீங்கள் எழுதியதை அப்படியே அவளிடம் படித்துக் காட்டினேன். கராஜ் வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன், மீதியை அவள்தான் படித்தாள். அப்புறம் என் காபித் தட்டுக் கதையையும் சொன்னேன். இத்தனை வருஷமாகச் சொன்னதில்லை. "அவர்களை நீ ஒன்றுமே கேட்கவில்லையா அம்மா?" என்றாள். இல்லை, கேட்கவில்லை.

கேன்டீனை விட்டுவிட்டாள். நேற்று செஸ் முடிந்ததும் எல்லாரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, நடைபாதையில் வைத்து அட்டையைக் காட்டியிருக்கிறாள். அவன் கொஞ்ச நேரம் குதிரையையே பார்த்துவிட்டு, "அன்றைக்கு ஐந்து மணிவரை எனக்கு விவாதப்போட்டி, அதற்கப்புறம் என்றால் வருகிறேன்" என்றானாம். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த காசில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள், ஒன்று 25 டாலர்.

கோட்டில் குத்துகிற பூவைக் கடையில் எத்தனை நாள் முன்னால் சொல்லிவைக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். குதிரை எப்போது திரும்பி வரும் என்று அப்பா தினமும் கேட்கிறார்.