நூர்பர்க்ரிங் 24 மணி நேர மெய்நிகர் பந்தயம்: எந்தக் கார், பெட்ரோல் நிரப்ப எத்தனை பிட் நிறுத்தம்?

கேள்வி: ஐரேசிங் என்ற இணையக் கார் பந்தய விளையாட்டில், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் மூவர் கொண்ட அணியாக ஓடவிருக்கிறோம். போர்ஷே 911 ஜிடி3 ஆர் காரில் எனக்கு ஒரு சுற்றில் இரண்டு விநாடி மிச்சமாகிறது. மற்ற இருவரும் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 போதும் என்கிறார்கள். பயிற்சியில் சுற்றுக்கு 12.8 லிட்டர் செலவானது.

பதில் 1: உங்கள் வேகத்தை விட்டுவிட்டு, அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஓட்டப்போகிறவரைக் கேளுங்கள். பின்புற எஞ்சின் கொண்ட போர்ஷேயில், வளைவின் நடுவே பதறி ஆக்சிலரேட்டரை விட்டால் வால் சுழன்றுவிடும்.

பதில் 2: காரைவிட எரிபொருள் கணக்குதான் முக்கியம். ஒரு சுற்று சுமார் 25 கிலோமீட்டர் என்பதால் அரைச் சுற்றுக்கான பெட்ரோல் மிஞ்சினாலும் பயனில்லை. நூறு லிட்டர் கொள்ளும் என்று வைத்தால் ஏழு சுற்றுதான் வரும். டோட்டிங்கர் ஹோஹே நேர்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும் முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து 12.4 லிட்டருக்கு இறக்கினால் எட்டு வரும். 168 சுற்றுகளுக்கு 23 நிறுத்தங்கள் 20 ஆகக் குறையும்.

பதில் 1: உண்மைதான், ஆனால் மெதுவான கார்களைக் கடக்கும் அவசரத்தில் அந்தச் சிக்கனம் கரைந்துவிடும். ஆகவே போக்குவரத்துக்கு நடுவிலும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

கேட்டவர்: நேற்றிரவு அளந்தோம், பிஎம்டபிள்யூவில் 12.45 வந்தது. அந்தக் காரையே பந்தயத்துக்குப் பதிவு செய்துவிட்டோம்.