கட்டற்ற விரிவில் என்ட்ரோபி ஏன் கூடுகிறது? விளக்கம் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியல் மாணவனான நான் வெப்ப இயக்கவியலின் அடிப்படைகளைப் படித்து வருகிறேன். முதல் விதி பிடிபட்டுவிட்டது. தனித்த அமைப்பின் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு என்பார்கள்) குறையாது என்னும் இரண்டாம் விதியில்தான் சிக்கல்.

வெப்பம் புகாத கலனில் ஒரு மோல் நல்லியல்பு வாயு, இடையிலுள்ள தடுப்பை நீக்கியதும் மறுபக்க வெற்றிடத்துக்குள் பாய்ந்து இரு மடங்கு பருமனுக்கு விரிகிறது; இதுவே கட்டற்ற விரிவு. வெப்பம் வரவில்லை, வேலை நடக்கவில்லை, ஆகவே வெப்பநிலையும் மாறவில்லை என்பது வரை தெளிவு. ஆனால், வாயு மாறிலியை 2-இன் இயல் மடக்கையால் பெருக்கினால் வரும் ஏறத்தாழ 5.76 ஜூல்/கெல்வின் அளவுக்கு என்ட்ரோபி கூடுகிறது என்கிறார்கள். அதைக் கணக்கிட, நடக்காத ஒரு மீள் சமவெப்ப விரிவை, அதாவது வெப்பநிலை மாறாமல் மிக மெதுவாக நடந்து அதே வழியில் திருப்பக்கூடிய விரிவை, எடுத்துக்கொள்கிறார்கள். என்ட்ரோபி நிலைச் சார்பு, அதாவது அதன் மாற்றம் பாதையைச் சாராமல் தொடக்க, இறுதி நிலைகளை மட்டுமே சார்ந்தது என்பதால் அது செல்லும் என்பதை ஏற்கிறேன் (ஏற்பது வேறு, புரிவது வேறு).

மீள் விரிவில் வாயு பெறும் என்ட்ரோபியைச் சூழல் இழந்து ஈடுகட்டுகிறது. கட்டற்ற விரிவிலோ எதுவும் எதையும் இழக்கவில்லை. அப்படியானால் அந்த 5.76 எங்கிருந்து வந்தது? மூலக்கூறுகள் அமையக்கூடிய விதங்களை எண்ணும் போல்ட்ஸ்மனின் புள்ளியியல் வழிக்குப் போகாமல், கிளாசியஸின் சமனின்மையை (என்ட்ரோபி மாற்றம், பெற்ற வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்து வருவதைவிடக் குறையாது) கொண்டே இதை விளக்க முடியுமா? முடியாதென்றால், புள்ளியியல் பார்வையை முதலில் படிப்பது நல்லதா என்பதையும் அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.