தாத்தா இறந்ததை ஆறு வயது மகனிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி:
என் மாமனார் சென்ற வாரம் மாரடைப்பால் காலமானார். பள்ளியில் விட்டு அழைத்து வருவது முதல் இரவில் கதை சொல்வது வரை என் மகனுக்கு எல்லாமே அவர்தான். உடலை எடுத்த அன்று அவனைப் பக்கத்து வீட்டில் இருக்கச் செய்து, தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்க்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாமா? பதினாறாம் நாள் காரியத்தில் அவனைச் சேர்க்கலாமா?

பதில் 1:
ஆழ்ந்த இரங்கல், சகோதரி. காரியம் வரை காத்திராமல் நீங்களோ உங்கள் கணவரோ இன்றே சொல்லிவிடுங்கள். தாத்தாவின் இதயம் நின்றுவிட்டது, அவர் இறந்துவிட்டார், இனி அவருக்குப் பசியோ வலியோ இல்லை, திரும்பி வரவும் மாட்டார் என்று நேராகச் சொல்வதே நல்லது. ஊருக்குப் போனவர் வராவிட்டால், தன்மேல் பாசமில்லாமல் போய்விட்டார் என்றே பிள்ளை எண்ணும். தூங்குகிறார் என்று சொல்லப்பட்டு, உறங்கவே அஞ்சிய குழந்தைகளும் உண்டு. இறந்தவர் மீளமாட்டார் என்பது பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் விளங்கத் தொடங்குகிறது என்பதால், சொன்ன பிறகும் அதே கேள்வியை அவன் பலமுறை கேட்கக்கூடும். சலிக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள்.

பதில் 2:
தொடக்கப் பள்ளி ஆசிரியை என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். தான் அடம்பிடித்ததால்தான் தாத்தா இறந்தார் என்று இந்த வயதுப் பிள்ளைகள் தமக்குள்ளேயே நம்பிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இருப்பதுண்டு. ஆகவே அவன் கேட்காவிட்டாலும், இதற்கு அவன் காரணமல்ல என்று தெளிவாகக் கூறுங்கள். அழுத சற்று நேரத்தில் விளையாடப் போவதும் இயல்பே. அதைப் பாசமின்மை என்று உறவினர் பேச இடம் கொடுக்காதீர்கள். வகுப்பாசிரியரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

காரியத்தில் என்னென்ன நடக்கும் என்பதை முன்பே விளக்கி, அவன் விரும்பினால் உட்கார வையுங்கள். படத்துக்குப் பூ வைக்கச் சொல்லலாம். நடுவில் எழுந்தால் வெளியே அழைத்துச் செல்ல, அவனுக்குப் பழக்கமான ஒருவர் அருகில் இருக்கட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் மாமியார் அவன் எதிரில் அழக்கூடாது என்று அறைக்குள்ளேயே இருக்கிறார். அது சரியா?

பதில் 1:
அவர் அழுவதை அவன் பார்ப்பதில் தவறில்லை. தாத்தாவை நினைத்து அழுகிறேன் என்று காரணத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். படுக்கையை நனைப்பது, உங்களை விட்டு அகலாமல் ஒட்டிக்கொள்வது போன்றவை சில வாரங்கள் இருக்கலாம். மாதக்கணக்கில் நீடித்தாலோ, தாத்தாவிடம் போக வேண்டும் என்று அவன் சொன்னாலோ, தாமதிக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். உங்கள் மாமியாருக்கும் அது உதவும்.