காலித் தோட்டாக் கூட்டையும் எண்ணுவார்களா?

கேள்வி: சிங்கப்பூரில் தேசிய சேவையில் (கட்டாய ராணுவச் சேவை) இருக்கிறேன். அடுத்த வாரம் முதல்முறையாக எஸ்ஏஆர் 21 துப்பாக்கியால் சுடப்போகிறேன். சுட்ட பிறகு காலிக் கூடுகளையும் எண்ணுவார்களாமே, எதற்கு?

பதில் 1: தம்பி, கூடு குறைந்தால் சுடாத குண்டு யார் பையிலோ இருக்கலாம். எங்கள் செட்டில் ஒரே ஒரு கூட்டுக்காக மழையில் புல்லைக் கிளறினோம். அது என் இடுப்புப்பை மடிப்பில் இருந்தது! அதற்குள் ‘என்னிடம் குண்டும் இல்லை, கூடும் இல்லை’ என்று உரக்க உறுதிமொழி வேறு சொல்லியிருந்தேன்.

பதில் 2: அதைவிட முக்கியம், துப்பாக்கி சிக்கிக்கொண்டால் பின்னால் திரும்பிக் கேட்காதே. நீ திரும்பினால் குழலும் திரும்பும். விசையிலிருந்து விரலை எடு, குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், கையைத் தூக்கு.

கேட்டவர்: சரி அண்ணா. பையை இப்போதே உதறி வைக்கிறேன்.